ஏழு நாள் கெடு

என் மாமனாருக்கும் என் மனைவிக்கும் ஒரே மூக்கு. கோபம் உட்காரும் இடமும் அதுதான். கல்யாணமான புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "அவரைத் தண்ணியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா", "அவளை ஃபேனைக் குறைக்கச் சொல்லு" என்று அத்தை வழியாகப் பேசிக்கொள்வார்கள். அத்தையும் சளைக்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் ஒப்பிப்பார். சாப்பிட்டு எழுவதற்குள் சமாதானமாகிவிடும். அத்தை இருந்தவரை அவர்கள் சண்டைக்கு ஆயுசு அவ்வளவுதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் தொழில். மனைவி வேலை பார்ப்பது, ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில். படங்கள் அவர்கள் ஆபீசில் இருக்காது. எங்கேயோ இருக்கிற பெரிய கணினிகளில், கிளவுடில் இருக்கும். அங்கே கோப்புகளைப் போட்டுவைக்கும் இடத்துக்கு அவர்கள் பாஷையில் பக்கெட் என்று பெயர். எங்கள் வீட்டில் ஆக மொத்தம் இரண்டு பக்கெட். குளியலறையில் இருப்பதை நான் கழுவுவேன், கிளவுடில் இருப்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

படத்தைத் தொட்டு, இழுத்து, பட்டனை அமுக்கி வேலை செய்வதெல்லாம் அவளுக்கு ஆகாது. கறுப்புத் திரை ஒன்றைத் திறப்பாள். ஒரு வரி தட்டுவாள். பக்கெட்டில் இருப்பதெல்லாம் வரிசையாக ஓடும். இன்னொரு வரி தட்டினால் ஒரு வருஷத்துப் படங்கள் இங்கிருந்து அங்கே போய்ச் சேர்ந்துவிடும். "பட்டன் வச்சவன் என்ன நினைச்சானோ அதைத்தான் பட்டன் செய்யும். இது நான் சொன்னதைச் செய்யும்" என்பாள். சொன்னதைச் செய்கிற எதுவும் அவளுக்குப் பிடிக்கும். என்னைக் கட்டிக்கொண்டதற்கே அதுதான் காரணம் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வீட்டுப் படங்களையும் அப்படித்தான் வைத்திருந்தாள். யாராவது கேட்டால் படத்தை அனுப்பமாட்டாள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி, அந்தப் படத்துக்கு ஒரு லிங்க் உண்டாக்கி அனுப்புவாள். அதற்கு ஒரு கெடு உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம். மிஞ்சிப்போனால் ஏழு நாள், அதற்கு மேல் அந்தக் கருவியே ஒத்துக்கொள்ளாது. கெடு முடிந்தால் லிங்க் திறக்காது. "விருந்துக்கு வர்றவங்களுக்கு வீட்டுச் சாவியா குடுப்பாங்க? கதவைத் திறந்து விடணும், போனதும் சாத்திக்கணும்" என்பது அவள் கட்சி. என் அண்ணி ஒருமுறை எட்டாம் நாள் திறந்து பார்த்துக் கடுப்பாகி, "உன் பொண்டாட்டி போட்டோ அனுப்புறாளா, பால் பாக்கெட் அனுப்புறாளா?" என்று என்னைக் கேட்டாள். மாமனாருக்கும் இதே நடைமுறைதான். அவர் மட்டும் குறை சொல்லமாட்டார். ஏழு நாளும் தவறாமல் பார்த்துவிட்டு, எட்டாம் நாள் "அடுத்ததை அனுப்பு" என்பார்.

அத்தைக்கு இதயத்தில் வால்வு பழுதானது. ஆபரேஷன் செய்தால் நன்றாக நடமாடலாம், ஆனால் உடம்பு தாங்காமல் மேஜையிலேயே போய்விடவும் கூடும். செய்யாவிட்டால் மாத்திரையை வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார் டாக்டர். மாமா ஒரே பிடியாக வேண்டாம் என்றார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்து கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கிய மனிதருக்கு ஊசியைக் கண்டால் முகம் வெளுத்துவிடும். பெண்டாட்டி நெஞ்சில் கத்தி வைக்க அவர் எப்படிச் சம்மதிப்பார்?

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு காலையில், அவர் மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினார். அந்த நேரம் பார்த்து, வேறு யாருக்கோ ஒதுக்கியிருந்த ஆபரேஷன் தள்ளிப்போய் இடம் காலியானது. இன்றைக்கே செய்துவிடலாமா என்று டாக்டர் வந்து கேட்டார். செய்துவிடுங்கள் என்றார் அத்தை. சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மகளைப் போடச் சொன்னார். அவள் பேனாவை எடுத்தபோது, "இரு, முதல்ல போன்ல என்னைப் படம் பிடி. ஏதாவது ஆச்சுன்னா உங்கப்பா உன்னைத்தான் பிடிச்சுக்குவாரு. அப்ப இதைக் காட்டு" என்றார். அவள் பிடித்தாள். நான் கதவை மூடிக்கொண்டு காவல் நின்றேன்.

மாமா பையோடு திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

மாமா அழவில்லை. அந்த நீளமான வராந்தாவில், அத்தனை பேர் முன்னிலையில், மகளுக்கு நேராக விரலை நீட்டி, "நீதானே கையெழுத்துப் போட்டே. நீதான் அவளைக் கொன்னே" என்றார்.

அவள் கையில் போன் இருந்தது. இப்போது காட்டுவாள், இப்போது காட்டுவாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். எல்லாக் காரியமும் முடிந்து ரயிலில் திரும்பும்போது, காட்டியிருக்கலாமே என்றேன். "எதுக்கு? எங்கம்மாவை நான் கொல்லலைன்னு எங்கப்பாகிட்ட சாட்சி வச்சு நிரூபிக்கணுமா? அது அவருக்கே தெரிய வேண்டாமா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவைப் பக்கெட்டில் ஏற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்தாள். அன்றோடு அப்பாவிடம் பேசுவதை விட்டாள். அவரும் கூப்பிடவில்லை. நடுவில் நின்று ஒப்பிக்கவும் ஆள் இல்லை.

நான் மட்டும் அவ்வப்போது கூப்பிடுவேன். "நல்லா இருக்கேன் மாப்ளே" என்பார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஆனால் போனை வைக்கவும் மாட்டார், கொஞ்சம் பொறுத்து, "அப்புறம்?" என்பார். அந்த அப்புறத்துக்கு அவர் எதிர்பார்க்கும் பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எனக்கு அனுமதி இல்லை. கடை வியாபாரத்தைப் பற்றி ஏதாவது சொல்லி வைப்பேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. நானும் சும்மா இருக்கவில்லை. அவர் "அப்புறம்?" என்று கேட்பதை மனைவியிடம் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி துணி மடித்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சொல்லாமல் கொள்ளாமல் லேப்டாப்பைத் திறந்தாள்.

"அந்த வீடியோவை அனுப்பிடுறேன். பார்க்கட்டும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியே போன்ல ஒரு வார்த்தை பேசிடேன்" என்றேன்.

"முடியாது."

"சரி, லிங்க் எதுக்கு? வீடியோவையே நேரா அனுப்பிடு."

"அது அம்மா முகம். மூக்குல குழாயோட, ஆஸ்பத்திரி டிரஸ்ல. அது எவன் எவன் போனுக்கோ போய்ச் சுத்த விடமாட்டேன். ஏழு நாள் குடுக்கிறேன். ஏழு நாள்ல பார்க்கத் தோணாதவருக்கு எட்டாவது நாள் மட்டும் தோணிடுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று நான் அடங்கினேன். அவள் தன் போனில் வந்த எண்ணைப் பார்த்து லேப்டாப்பில் தட்டினாள். கிளவுடிடம் நாம் யார் என்று சொல்ல ஒரு ரகசியச் சாவி வேண்டும். அதை நிரந்தரமாகக் கணினியில் வைத்திருப்பவர்களைக் கண்டால் ஆபீசில் அவள் சாமியாடிவிடுவாள். அவ்வப்போது எண்ணைத் தட்டித் தற்காலிகச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டும், அது ஒரு மணி நேரத்தில் தானாகச் செத்துவிடும், திருடு போனாலும் பயமில்லை என்பது அவள் போட்ட சட்டம். ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டில் மட்டும் பழைய சாவியை வைத்திருப்பது நியாயமில்லை என்று, அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் பக்கெட்டுக்கும் அதே ஏற்பாட்டைச் செய்திருந்தாள். சாவி வந்தது. வரியைத் தட்டினாள், ஏழு நாளுக்கு எத்தனை நொடி என்பது அவளுக்கு மனப்பாடம். நீளமாக ஒரு லிங்க் வந்து விழுந்தது. சரிபார்க்கத் திறந்தாள். அத்தையின் முகம் வந்தது. ஒரு கணம்கூடப் பார்க்காமல் மூடினாள்.

லிங்குக்குக் கீழே "அப்பா, பாருங்க" என்று எழுதினாள். பிறகு "அப்பா"வை அழித்துவிட்டு அனுப்பினாள்.

அவர் பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக் குறி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. அன்று அவள் வேலைக்குப் போகும்போது போனைக் கைப்பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனாள். அன்று முழுக்க எதுவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. சாப்பிடும்போது மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கும். மணி அடித்தால் அவசரமில்லாதவள் போல இரண்டு மூன்று தடவை அடிக்க விட்டு எடுப்பாள். அது என் அண்ணியாக இருக்கும், இல்லையென்றால் கடன் வேண்டுமா என்று கேட்கும் ஏதோ பெண்ணாக இருக்கும். லிங்கை யார் எப்போது திறந்தார்கள் என்று குறித்துவைக்கும் வசதி ஒன்று உண்டாம். ஆபீசில் அதைக் கட்டாயமாக்கியவள் அவள்தான். வீட்டுப் படங்களுக்கு எதற்கு என்று இங்கே போடாமல் விட்டிருந்தாள்.

கெடு முடிந்த அன்று, "அம்மாவே வாயைத் திறந்து சொல்லியும் அவருக்கு மனசு இறங்கல" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் வேணா ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறேன்."

"கேட்கக் கூடாது. கேட்டு வாங்கின வார்த்தை எனக்கு வேண்டாம். என் மேல ஆணை, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

நான் எடுக்கவில்லை. சொன்னதைச் செய்பவன் அல்லவா. மாமாவும் அதற்குப் பிறகு மாறிப்போனார். நான் கூப்பிட்டால் எடுப்பதே குறைந்தது. எடுத்தாலும், "ம், இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். "அப்புறம்?" என்று கேட்பது நின்றுபோனது. வீடியோவைப் பார்த்து வெட்கப்படுகிறார், பேச முகமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. ஒரே ஒரு தடவை, மனைவிக்குத் தெரியாமல், "என்ன மாமா, பார்த்தீங்களா?" என்று கேட்டிருந்தால் போதும். ஆணையாம், பெரிய ஆணை.

அடுத்த வருஷத்தின் கடைசியில் ஒரு மத்தியானம், மாமா வீட்டுக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர் என் கடைக்குப் போன் செய்தார். என் எண் மாமா வீட்டுச் சுவரில் எழுதியிருந்ததாம்.

"உங்க மாமனார் ஒரே மாத்திரையை ஒரு நாளைக்கு மூணு தடவை வாங்க வர்றாரு சார். நான் குடுக்கிறதில்ல, வேற கடைல வாங்கிடுறாரு போல. நேத்து என்னைப் பார்த்து, ‘நீ இந்தக் கடைக்குப் புதுசா?’ன்னு கேட்டாரு. நான் இங்க கடை போட்டு இருபது வருஷம் ஆகுது."

மனைவியிடம் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பெட்டியை இறக்கிவிட்டாள். இரண்டு புடவை, லேப்டாப், என் சட்டை ஒன்று. ரயிலில் அரை நாள் பயணம். வழியெல்லாம் அவள் மனதுக்குள் பேசிப் பழகிக்கொண்டே வந்தாள், உதடு அசைந்தது. அவர் இப்படிச் சொன்னால் அப்படிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னால் இப்படி என்று தயார் செய்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்தவர் மகளைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"வா பாப்பா. வாங்க மாப்ளே. அவ கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா."

சண்டையே அவருக்கு ஞாபகம் இல்லை. தன் பங்குக் கோபத்தை மட்டும் சுமந்துகொண்டு அவள் வாசலில் நின்றாள். அவ்வளவு தயார் செய்து வந்ததெல்லாம் வீணாயிற்று. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், கழுவாமல் கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். சட்டைக்கு மேல் சட்டை போட்டிருந்தார் மாமா. மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஒரே மாத்திரை அட்டை அட்டையாக இருந்தது. சிலவற்றைப் பிரித்திருந்தார், சிலவற்றைப் பிரிக்கவில்லை. எதை எப்போது விழுங்கினார் என்று அவருக்கும் தெரியாது.

எந்த மருந்தை நிறுத்துவது என்று கேட்க நாங்கள் இருவரும் கீழே இறங்கினோம். மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார், ஒரு டாக்டர் பெயரும் எழுதிக் கொடுத்தார். பிறகு என் மனைவியை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. குடும்பத்துல ஆயிரம் இருக்கும். ஆனா பெரியவருக்கு நீங்க அப்படிச் செஞ்சிருக்க வேண்டாம்."

"எப்படி?"

"ஏதோ லிங்க் அனுப்பினீங்களே. காலையில நான் கடையைத் திறக்கும்போதே போனோட நிக்கிறாரு. என்ன எழுதியிருக்குன்னு பார்க்கச் சொன்னாரு. வெள்ளைத் திரைல நாலு வரி இங்கிலீஷ். எக்ஸ்பையர்டுன்னு இருந்துச்சு. எனக்கு அது தினம் பார்க்கிற வார்த்தைதானே? காலாவதி ஆயிடுச்சு சார்னு சொன்னேன். ‘நேத்து ராத்திரி அனுப்பினது காலையில காலாவதியா?’ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்றது? அனுப்பினவங்க வச்ச கெடு சார்னு சொல்லிட்டேன்."

என் மனைவி, டாக்டர் பெயர் எழுதிய சீட்டை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"மறுநாளும் வந்தாரு. ‘இன்னைக்குத் திறக்குதா பாருப்பா’ன்னாரு. ஒரு வாரம் விடாம வந்தாரு. கடைசியா, ‘எல்லாருக்கும் ஒரு வாரம் குடுப்பா, எனக்கு ஒரு ராத்திரி கூடக் குடுக்கல. பார்க்க விடக் கூடாதுன்னுதான் அனுப்பியிருக்கா’ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் மாத்திரைக்குத் தவிர வரல."

"நான் ஏழு நாள் குடுத்தேன்" என்றாள் அவள். "ஏழு நாள்."

விடுவிடுவென்று மாடி ஏறினாள். மாமாவின் போன் கட்டில்மேல் கிடந்தது. எடுத்து, அந்தப் பழைய செய்தியைத் தேடிப் பிடித்தாள். அவளுக்கு லிங்க் என்றால் வெறும் எழுத்துக்குவியல் இல்லை. எந்தத் துண்டு எதைச் சொல்கிறது என்று படிக்கத் தெரியும். விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. இதுதான் கெடு. ஏழு நாளுக்கு உண்டான நொடி. நான் பொய் சொல்லல. அந்த ஆள் ஏதோ தப்பா..."

சொல்லிக்கொண்டே விரலை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். திரை முழுவதும் அர்த்தமில்லாத எழுத்துகள் நீளமாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் அதையே பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன?" என்றேன்.

எனக்குப் புரிகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள். லிங்கில் நாம் எந்தக் கெடுவை எழுதினாலும் சரி, அது நம் கையில் அப்போது இருக்கிற சாவியால் போட்ட முத்திரையோடுதான் போகும். தற்காலிகச் சாவியால் முத்திரை போட்டால், அந்தச் சாவி சாகும்போது லிங்கும் கூடவே செத்துவிடும். ஏழு நாள் என்று கேட்டால் ஏழு நாள் என்றே எழுதித் தரும். ஒரு எச்சரிக்கையும் காட்டாது. அந்த நீளமான எழுத்துகள் தற்காலிகச் சாவியின் அடையாளம். ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான்.

"பழைய சாவி இருந்தவரைக்கும் ஏழு நாள்னா ஏழு நாள்தான். கை பழக்கத்துல அதையே தட்டியிருக்கேன். சாவியை மாத்தினது நான். சட்டம் போட்டது நான்" என்றாள். "ஒரு மணி நேரம்தாங்க அது திறந்திருக்கும். அவரு அப்ப தூங்கியிருப்பாரு."

அவள் அழுது நான் பார்த்தது குறைவு. அத்தை போனபோதுகூட மறைந்து போய்த்தான் அழுதாள். இப்போது அப்பாவின் போனை மடியில் வைத்துக்கொண்டு, மறைக்காமல் அழுதாள். ஒருத்தர் கேட்டிருக்கலாம். இவள் "பார்த்தீங்களா" என்று கேட்டிருக்கலாம். அவர் "ஏன் திறக்கல" என்று கேட்டிருக்கலாம். ஒருத்தர் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்பதற்கு அந்த மூக்கு இடம் கொடுக்கவில்லை. நடுவில் இருந்த நான், கேட்க எந்தத் தடையும் இல்லாத மூக்கு உள்ளவன், கேட்கவில்லை.

"பாப்பா எதுக்கு அழுவுறா மாப்ளே?" என்று மாமா அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். எண்ணைத் தட்டிச் சாவி வாங்கினாள். இந்தத் தடவை லிங்க் எதுவும் வேண்டாம் என்று, வீடியோவையே பக்கெட்டிலிருந்து இறக்கினாள். ஒரே வரி. ஒரு கோடு ஓடி முடிந்தது. மாமாவை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவர் கண்ணாடியின் ஒரு காது வளைந்து மூக்கிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. நான் கழற்றி நிமிர்த்தி, துடைத்து மாட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அத்தை வந்தார். மூக்கில் குழாய், பச்சை உடுப்பு, கலைந்த தலை.

"ஆரம்பிச்சுட்டியா? சரி. என்னங்க, நான்தான் பேசறேன். பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. கையெழுத்துப் போடச் சொன்னது நான். உங்ககிட்ட சொன்னா கட்டிலுக்குக் குறுக்கே படுத்துக்குவீங்க, டாக்டரை உள்ளயே விடமாட்டீங்க. என்னால மாடி ஏற முடியல. நாலு படிக்கு ஒரு தடவை உக்காந்து உக்காந்து எத்தனை நாள் ஓட்டறது? எனக்கு அப்படி இருக்கப் பிடிக்கல, அவ்வளவுதான். பயந்துக்காதீங்க. வரும்போது என் சீப்பைக் கொண்டாங்க, தலையெல்லாம் சிக்கு."

"யாரு பயந்தது?" என்றார் மாமா திரையைப் பார்த்து. சிரித்தார். "சீப்பெல்லாம் எடுத்து வச்சாச்சு."

அத்தையின் முகம் அப்படியே நின்றது. மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார். அத்தை மேற்கொண்டு பேசுவார் என்று எதிர்பார்த்தார் போல. பேசாததால் மகள் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்துப் போடணும்கிறாளே. பேப்பர் எங்க பாப்பா? நீயே போட்டுடும்மா. எனக்குக் கை நடுங்குது. அவ அவ்வளவு ஆசைப்படுறா, நாம எதுக்குத் தடுக்கணும்?"

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"போட்டுட்டேன்பா."

"போட்டுட்டியா? நல்ல காரியம் பண்ணினே."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அத்தனை வருஷம் வீம்பாக இருந்தாள். அது வந்துவிட்டது. ஆனால் சொன்னவர் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் காலையில் உட்கார்ந்து சொன்னார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவரிடம் கேட்க இப்போது அவளிடம்தான் ஒரு மன்னிப்பு பாக்கி இருந்தது. அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. இருந்தாலும் அவள் கேட்டுப் பார்த்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் ஒரு ராத்திரி மட்டும் குடுக்கலப்பா. ஏழு நாள் குடுத்தேன். என் தப்புதான், ஆனா நான் ஏழு நாள் குடுத்தேன்."

"அதுக்கென்னம்மா" என்று அவள் தலையைத் தடவினார். ஒன்றும் புரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் கண் வாசல் கதவிலேயே இருந்தது. "உள்ள போய் ரொம்ப நேரம் ஆச்சே. எப்ப வெளிய கொண்டு வருவாங்க?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்பா."

அவர் சரியென்று தலையாட்டினார். உட்கார்ந்த இடத்திலேயே நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீ எங்கயும் போயிடாதே. டாக்டர் வந்து ஏதாவது ஏடாகூடமா சொன்னார்னா நான் உன்னைத்தான் கண்டபடி பேசிடுவேன். என் வாய் அப்படி. நீ மனசுல வச்சுக்காதே, பாப்பா."

"வச்சுக்கமாட்டேன்பா" என்றாள் அவள்.